நெல்லைச் சீமைக்கு ஒரு பழைய ஜிப்ஸி: பார்த்து வாங்கவும் கெடாமல் ஓட்டவும்

தேரியின் சிவப்பு மணலில் வண்டி புதைந்தால் நாலு பேர் தள்ளி வெளியே எடுக்க முடியுமா? காடு, தோட்டம், குளத்துக்கரை என்று ஓட்ட வண்டி தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். குதிரைத்திறனும் டச் ஸ்கிரீனும் அப்புறம். மாருதி ஜிப்ஸி சாஃப்ட் டாப்பின் வெறும் எடை 985 கிலோ. இரண்டு டன்னை நெருங்கும் இந்தக் காலத்து எஸ்.யூ.வி. இட்டமொழித் தேரியில் அச்சு வரை இறங்கிவிட்டால், டிராக்டர் வரும் வரை உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜிப்ஸியை மண்வெட்டியும் நாலு கையும் இருந்தால் கிளப்பிவிடலாம். ஏணி மாதிரி ஒரு ஃபிரேம், முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில், நாலு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். கெட்டுப் போனால் கெட்டது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். இந்த வண்டியின் கவர்ச்சி இவ்வளவுதான். சொகுசு தேடுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தென்காசி போய் வருவதற்குள் இடுப்பு கேள்வி கேட்கும்.

எந்த வருஷத்து வண்டி

1985 டிசம்பரில் வந்த முதல் ஜிப்ஸி எம்.ஜி. 410. சுசூகியின் எஸ்.ஜே. 410-ஐ நீட்டிய வடிவம்: 970 சி.சி., 45 குதிரைத்திறன், நாலு கியர். 1993-இல் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மி.மீ. கூட்டினார்கள். 1996-இல் ஜிப்ஸி கிங் வந்தது: 1298 சி.சி., 60 குதிரைத்திறன், ஐந்து கியர். 2000-இல் அதே கொள்ளளவில் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும்) இன்ஜின், 80 குதிரைத்திறன். 2019-க்குப் பிறகு பொதுமக்களுக்குப் புது வண்டி விற்பனை இல்லை. 2023-இல் வந்த ஜிம்னி நல்ல வண்டிதான், ஆனால் அது காயில் ஸ்பிரிங்கும் கம்ப்யூட்டரும் உள்ள வேறு சாதி.

குறுகல் அகலமுள்ள பழைய 410 பார்க்க அழகு. ஆனால் குளத்துக்கரையில் ஒரு பக்கம் சரிந்து போகும்போது சீக்கிரம் மிரட்டும். நம்ம ஊருக்கு எம்.பி.எஃப்.ஐ. வண்டிதான் தோது. அதன் இன்ஜின் எஸ்டீம் காரிலும் ஓடியதுதான் என்பதால் சாமானுக்கு அலைய வேண்டாம். கார்புரேட்டர் வண்டிகளுக்குக் கத்திரி வெயில் ஆகாது: சூடான இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி நின்று ஸ்டார்ட் ஆக மறுக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பொறுத்திருந்தால் சரியாகும். எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் ஊறிப் போகும். வாங்கிய வாரமே எரிபொருள் குழாய்கள் அத்தனையையும் புதிதாக மாற்றிவிடுங்கள். வெடித்த குழாய் சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள். வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு காந்தம், பெரிய ஸ்குரூடிரைவர், ஜாக்கி, வெள்ளைத் துணி. புது பெயிண்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். டிரைவர் கால் வைக்கும் இடத்துக் கால்மிதியைத் தூக்கி, ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். தகடு என்றால் கணீரென்று கேட்கும். துருவை மூடிய பட்டிப் பூச்சு என்றால் சத்தம் செத்துப் போய்க் கேட்கும். பின் சக்கர வளைவு, விண்ட்ஷீல்டு ஃபிரேமின் கீழ் விளிம்பு, பாடி ஃபிரேமில் உட்காரும் ரப்பர்களைச் சுற்றியுள்ள இடங்களிலெல்லாம் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். பின்பக்க ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையை ஃபிரேமோடு இணைக்கும் தகடு) பிடிக்கும் இடத்தில் ஃபிரேம் ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். உவரி, இடிந்தகரை, தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டியில் வெளியே சுத்தமாக இருக்கும், உள்ளே பாளம் பாளமாக உரிந்து கிடக்கும். பாடியை வெட்டி ஒட்டலாம். ஃபிரேம் அரித்திருந்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். 1.3 லிட்டர் இன்ஜினுக்குச் சதுர செ.மீ.க்கு 14 கிலோ பக்கம் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனாலோ, ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ திறக்கும் வேலை காத்திருக்கிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அடுத்து முன் ஆக்ஸில். இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். முன் சக்கரத்தின் பின்பக்கம் பந்து மாதிரி ஓர் உருண்டை தெரியும், அதுதான் நக்கிள். அதை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் நல்லது. கட்டி கட்டியாகக் கிரீஸ் வெளியே வந்திருந்தால் வெளிச் சீல் போய்விட்டது. கிரீஸ் தண்ணீராகி கியர் ஆயில் வாடை அடித்தால் உள் சீலும் போயிருக்கிறது. ஆக்ஸிலில் உள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயில் நக்கிளுக்குள் இறங்குகிறது. பிறகு ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்; அப்படியே இருந்தால் கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங். இரண்டுக்கும் செலவு வேறு, பேரமும் வேறு.

ஓட்டிப் பார்க்கும்போது மண் ரோடாகப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் தனியாக ரப்பர் மவுண்ட்களில் தொங்குகிறது. இடையில் ஒரு குட்டி புரப்பல்லர் ஷாஃப்ட். மவுண்ட் கிழிந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் அடியில் 'டொக்' கேட்கும், ஃபோர் வீல் போடும் குட்டி லீவர் நடுங்கும். ஃபோர் லோ (நாலு சக்கர இழுவையில் குறைந்த வேக விகிதம்) போட்டு முதல் கியரில் ஒரு கரை ஏறுங்கள். இறங்கும்போது காலை எடுங்கள். லீவர் தானாகக் கழன்றால் மவுண்ட் தளர்ந்திருக்கலாம், உள்ளே கியர் தேய்ந்திருக்கலாம். மவுண்ட் மாற்றிய பிறகும் கழன்றால் டிரான்ஸ்ஃபரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆவணத்தில் ஃபிரேமில் அடித்த சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எஃப்.சி. எது வரை என்று பாருங்கள். இராணுவ ஏலத்தில் வந்த வண்டி மலிவாகத் தெரியும். சிவில் பதிவு ஆகாத வண்டிக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டு அலைய வேண்டாம்.

முதல் வாரத்து வேலை

முந்தைய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் எல்லா ஆயிலையும் இறக்குங்கள். கியர்பாக்ஸ் சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் 0.8, முன் டிஃபரன்ஷியல் 2, பின் 1.5. டிஃபரன்ஷியல்களுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல். 5 தரம். அளவுக் குடுவையை நம்புவதைவிட, வண்டி சமதளத்தில் நிற்கும்போது நிரப்பும் துளை வழியே ஆயில் மெல்லக் கசியும் வரை ஊற்றுவதே சரியான அளவு. ஒரு சின்ன விஷயம்: இறக்கும் நட்டைக் கழற்றுவதற்கு முன் நிரப்பும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலை இறக்கிவிட்டு மேல் நட்டு இறுகிக் கிடந்தால் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும். இறங்கிய ஆயில் டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நட்டின் காந்தத்தில் மாவு போலத் துகள் ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாக இருந்தால் பல் உடைகிறது.

மூன்று புரப்பல்லர் ஷாஃப்ட்களிலும் உள்ள கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும் வரை அடியுங்கள். லீஃப் ஸ்பிரிங் பிளேட்களுக்கு இடையே கிரீஸ் பூசும் பழக்கம் தேரிப் பக்கம் ஆகாது. மணல் அதில் ஒட்டி அரம் போல ராவிவிடும்.

50, 60 கி.மீ. வேகத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் படபடவென்று ஆடுகிறதா? பல பட்டறைகளில் உடனே புது ஸ்டியரிங் டேம்பர் (ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆட்டம் ஒரு மாதம் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். முதலில் டயர் காற்றும் பேலன்ஸும், பிறகு கிங்பின், பிறகு டை ராட் எண்ட், ஸ்பிரிங் புஷ். கடைசியில்தான் டேம்பர். நூற்றுக்கு எண்பது என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் இந்த மண்ணில் ஓடிய வண்டியில் முதல் சந்தேகம் கிங்பின் மேல்தான் வர வேண்டும்.

கிங்பின் வேலை ஒரு பக்கத்துக்கு அரை நாள் பிடிக்கும். முன் டிஃபரன்ஷியல் ஆயிலை முதலில் இறக்குங்கள். ஷாஃப்டை உருவும்போது தரையெல்லாம் ஊற்றும். சக்கரத்தைக் கழற்றி, ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. பிரேக் கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே கிழியும். ஹப், ஸ்பிண்டில் இரண்டையும் எடுத்துவிட்டு ஆக்ஸில் ஷாஃப்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டே வெளியே இழுங்கள். கீழே தொங்கவிட்டு இழுத்தால் ஷாஃப்டின் பற்கள் உள் சீலைக் கீறிவிடும். புதுச் சீல் போட்டும் ஏன் ஒழுகுகிறது என்று தலையைச் சொறிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டை ராட் எண்டை விடுவித்து, நக்கிள் பின்னால் உள்ள சீல் வளையத்தின் சின்ன போல்ட்டுகளைக் கழற்றுங்கள். இப்போது மேல் கிங்பின், கீழ் கிங்பின். ஒவ்வொன்றின் அடியிலும் காகிதம் போல மெல்லிய ஷிம் தகடு இருக்கும். மேல் ஷிம்மை மேல் பின்னோடும், கீழ் ஷிம்மைக் கீழ் பின்னோடும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். கலந்துவிட்டால் அளவு போச்சு. நக்கிளை எடுக்கும்போது கீழ் பேரிங் நழுவி விழும், கையைக் கொடுத்துப் பிடியுங்கள்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவிவிட்டு பேரிங் கப்பில் விரலை ஓட்டுங்கள். வண்டி முக்கால்வாசி நேரம் நேராகவே ஓடுவதால் ரோலர்கள் ஒரே இடத்தில் அடித்து அடித்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தில் தட்டுப்பட்டால் போதும், பேரிங்கும் கப்பும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புது பேரிங் போடுவது காசைக் குளத்தில் போடுவது. உருண்டையின் மேல் துருப்புள்ளி இருந்தால் மெல்லிய எமரி தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், இல்லையென்றால் புதுச் சீலை ஒரே மாதத்தில் அறுத்துவிடும். மாட்டும்போது சீல் வளையத்தையும் டை ராடையும் சேர்க்கும் முன் நக்கிளைக் கையால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் கனமாக, ஒரே சீராகத் திரும்ப வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் ஷிம்மைக் குறையுங்கள். கையை இழுத்துப் பிடித்தால் கூட்டுங்கள். ஷாஃப்ட் முனையில் உள்ள ஜாயின்ட்டின் குண்டுகளுக்கு இடையே விரலால் கிரீஸை அழுத்தித் திணித்த பிறகே ஷாஃப்டை உள்ளே விடுங்கள்.

தேரியில்

இட்டமொழியிலும் குதிரைமொழியிலும் இருப்பது காற்று கொண்டுவந்து குவித்த சிவப்பு மணல். மேலே வடலி, கொல்லாமா, உடைமரம், கீழே மாவு. குதிரைமொழித் தேரியில் காப்புக்காடு உண்டு, அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. ஊர்ப்பாதைகளும் தோட்டத்துப் பாதைகளுமே இந்த வண்டிக்குப் போதும்.

ரோட்டில் 24 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலுக்கு 14 ஆக இறக்குங்கள். டயர் அகலமாவது கொஞ்சம், நீளமாகப் படிவதே அதிகம். அந்த நீளம்தான் வண்டியை மிதக்க வைக்கிறது. ஆனால் ஒரு ஆபத்து உண்டு. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு பிதுங்கும், உடைமுள் அங்கேதான் ஏறும். அடிப்பக்கத்து ஓட்டையை டியூப்லெஸ் குச்சி அடைக்கும். பக்கவாட்டு ஓட்டையை எதுவும் அடைக்காது. ஆகவே மரத்தை ஒட்டித் திரும்பாதீர்கள், 12-க்குக் கீழே இறக்காதீர்கள், ஸ்டெப்னியும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் போகாதீர்கள்.

மணலில் கால் வைப்பதற்கு முன்பே ஃபோர் வீல் போட்டுவிடுங்கள். முன் ஹப்பில் கையால் திருப்பும் லாக் உள்ள வண்டியென்றால் இரண்டு பக்கமும் லாக் ஆகிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் மாட்டியிருந்தால் முன் ஆக்ஸில் சும்மா சுற்றும். ஜிப்ஸி கிங்கில் டிரான்ஸ்ஃபரின் ஹை விகிதம் 1.409, லோ 2.268, அதாவது லோவில் இழுவை 1.6 மடங்கு. ஃபோர் லோ, இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், ஒரே சீரான மிதி. கியர் மாற்ற கிளட்ச் மிதித்த அந்த ஒரு நொடியிலேயே மணல் வண்டியை நிறுத்திவிடும். நிறுத்த நேர்ந்தால் பிரேக் மிதிக்காமல் தானாக நிற்க விடுங்கள், இறக்கம் பார்த்து நிறுத்துங்கள்.

சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் பள்ளம்தான் ஆழமாகும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். முடியவில்லையா, நாலு சக்கரத்துக்கு முன்னும் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, காய்ந்த பனை ஓலையைப் பரப்புங்கள். வெறும் மட்டையைப் போட வேண்டாம், அதன் கருக்கு டயரை அறுக்கும். ஜாக்கி வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டிப் பலகை வேண்டும். வெறும் மணலில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே கீழே இறங்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் இரண்டு வீலுக்கு மாற்றுங்கள். இந்த வண்டியில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. தாரில் ஃபோர் வீலில் திருப்பினால் ஷாஃப்ட்கள் முறுக்கேறி லீவரே கழலாமல் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் சில அடி நேராக ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விடும்.

கரிசலும் மலையும் தண்ணீரும்

மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் வேறு கதை. ஐப்பசி மழையில் அது டயரின் இடுக்கை அப்பி, பல்லே இல்லாத மொட்டை டயர் ஆக்கிவிடும். இங்கே காற்றை மணல் அளவுக்கு இறக்க வேண்டாம், 18 போதும். அப்பிய மண்ணை உதற, சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். ஃபோர் ஹை, இரண்டாவது கியர். மழை விட்டு ஒரு நாள் காய விட்டுப் போவது இதைவிடப் புத்திசாலித்தனம்.

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதை, 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது. அனுமதி கிடைத்து ஏறுகிறவர்கள் இறக்கத்தை நினைத்து ஏறுங்கள். பிரேக் பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, கட்டை மாதிரி மிதித்தும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

வாய்க்கால், ஓடை கடக்கும்போது முதலில் நடந்து பாருங்கள். முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள். ஓடி வந்த டிஃபரன்ஷியல் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்ஸில் மேல் உள்ள சின்ன பிரீதர் (காற்று போய் வரும் மூச்சுத்துளை) அடைபட்டிருந்தால் இது நிச்சயம் நடக்கும். பிரீதரைக் கழற்றி ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மேல் ஆகாது. கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி நூறு அடி ஓட்டினால் பின் டிரம் காயும்.

கடற்கரையில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். ஃபிரேம் ஓட்டைக்குள்ளும் குழாயை விடுங்கள்.

மாட்ட வேண்டாதவை

235/75 டயர் போட்டால் கம்பீரமாகத் தெரியும். கணக்குப் பாருங்கள்: வண்டிக்கு வழக்கமான 205/70-ஐ விட விட்டம் 10 சதவீதம் கூடும், தரை உயரம் 33 மி.மீ. கிடைக்கும். பதிலுக்கு ஒவ்வொரு கியரின் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும், கிங்பின் சீக்கிரம் தேயும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 215/75 போதும். ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் சேர்த்தால் காலியான வண்டி கல்லில் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்கு ஏது பிடிப்பு? களக்காட்டில் தினமும் வாழைத்தார் ஏற்றுகிறவருக்கு மட்டும் பின்னால் ஒரு பிளேட் நியாயம். இரும்பு பம்பர், வின்ச், கூரை கேரியர், ஏணி என்று ஏற்றினால் 150 கிலோ கூடிவிடும். தள்ள நாலு பேர் போதாது, ஆறு பேர் தேட வேண்டும். டீசல் இன்ஜின் மாற்றுவது இன்னும் மோசம்: மூக்கில் எடை ஏறும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் மாட்டும்.

பெட்டியில் இருக்க வேண்டியது: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் கேபிள், புரப்பல்லர் ஷாஃப்ட் மூட்டுக்கு ஒரு யூ.ஜே. கிராஸ், யூ போல்ட் இரண்டு, ஃபியூஸ், கட்டுக்கம்பி, ஒரு லிட்டர் கியர் ஆயில், இழுக்கும் பெல்ட், மண்வெட்டி, ஜாக்கிப் பலகை, ஐந்து லிட்டர் தண்ணீர். இழுக்கும் பெல்ட்டை ஃபிரேமில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரில் மாட்டினால் பம்பர் வரும், வண்டி வராது.

தேரிக்குப் போய் வந்த மறுநாள் காலையில் நக்கிள் உருண்டைகளைத் துணியால் துடைத்து, ஏர் ஃபில்டரைத் தட்டி, வீல் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, டயரில் முள்ளைத் தேடுங்கள். உடைமுள் முறிந்து உள்ளேயே நிற்கும். காற்று இறங்க மூன்று நாள் ஆகும்.